கருப்பட்டிக்குத் தயிர்ச்சோறு

லொள்! லொள்! லொள்!

மக்னோலியா மரங்களின் திருப்பத்தில் அந்தக் குரைப்பு வெடித்ததும், “ஐயோ, முருகா!” என்று மரகதம் போட்ட கூச்சலில் குளத்து வாத்துகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிப் பறந்தன. அவள் கையிலிருந்த டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் உருண்டது. தயிர்ச்சோறு புல்லில் கொட்டியது. மரகதம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டாள். மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடுகிற அம்மா அவ்வளவு வேகமாக ஏறுவாள் என்று மகள் லோஜனா கனவிலும் நினைத்ததில்லை.

ஆனால் சிரிக்க அவளுக்கு நேரமில்லை. கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாய், கயிற்றைப் பிடித்திருந்தவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு, நேராக அவளை நோக்கி வந்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவள் தோளில் போட்டது. முகம் முழுக்க நக்கியது. வால் ஆடியது என்று சொல்வது போதாது. காற்றாடி போலச் சுழன்றது. வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரரை விமான நிலையத்தில் கண்டதுபோல நடுவில் ஓர் ஊளை வேறு.

‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று நினைத்துக்கொண்டாள் லோஜனா.

ஏனென்றால், திட்டப்படி அந்த நாய்க்கும் அவளுக்கும் அன்றைக்குத்தான் முதல் அறிமுகம். நாயைப் பிடித்திருந்தவனுக்கும் அவளுக்கும்கூட.

நாயைப் பிடித்திருந்தவன் பெயர் பிரசாத். பொள்ளாச்சிக்காரன். ஆக்லாந்து நகரத்து ஆல்பனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பிளாட் புஷ்ஷில் வாடகை வீடு. நாயின் பெயர் கருப்பட்டி. லோஜனா வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஒருநாள் பிரசாத் வந்தான். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தான். கண் விழித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “வாசல்ல நாயைக் கட்டியிருக்கேனுங்க, கொஞ்சம் பாத்துக்கறீங்களா?” என்பது. அப்படி ஆரம்பித்த பழக்கம் ஒரு வருஷத்தில் கல்யாணம் வரை வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜிம்முக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு, இதே மனுரேவாத் தாவரவியல் பூங்காவில் மூன்று பேருமாக நடப்பது வழக்கம். மூன்றாவது பேர், கருப்பட்டி.

அம்மாவிடம் சொல்வதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் மலையாக நின்றது.

மரகதம் கொடுமைக்காரி அல்ல. ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உழைத்து, கணவன் போனபின் ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்கவைத்தவள். உலகத்தில் அவளுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் நாய். சுவாமி அறை இருக்கிற வீட்டில் நாய் மயிர் விழுந்தால் அப்புறம் என்ன ஆசாரம்? மற்றது, தன்னைக் கேளாமல் நடக்கிற காரியம். பிரசாத் இந்த இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு வருகிறான்.

இதற்கிடையில் புஷ்பவதி அக்கா. கோயிலில் அன்னதானத்துக்குக் கரண்டி பிடிப்பது முதல் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை முடித்துவைப்பது வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவள். அவளுடைய தம்பி மகன் கனடாவில் இருக்கிறான். எஞ்சினியர், சொந்த வீடு. “லோஜனாவைக் குடுக்கிறியோ இல்லையோ, ஒரு மறுமொழி சொல்லு” என்று மரகதத்தைப் பிடித்த பிடி விடவில்லை.

“சாத்திரியாரைக் கேட்டனான் அக்கா. பிள்ளைக்குச் சனிப்பார்வையாம். இந்தப் புரட்டாதிச் சனி முடியட்டும், சொல்லுறன்” என்று சோதிடரைச் சாட்டி மரகதம் தவணை வாங்கினாள்.

லோஜனா நாட்காட்டியில் சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தாள். அம்மா ஒருமுறை வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். புரட்டாசி முடிவதற்குள் பிரசாத்தை அம்மாவுக்குப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கனடாதான்.

அன்று மாலையே மரகதம் பரிகாரத்தையும் விவரித்தாள்.

“சாத்திரியார் சொல்லுறார், சனிக்கிழமைகளில கறுப்பு நாய்க்குத் தயிர்ச்சோறு வைக்க வேணுமாம் பிள்ளை.”

“நாய்க்கோ? நீங்கள் நாயைக் கண்டால் றோட்டுக்கு மற்றப் பக்கம் போற ஆள்!”

“என்ன செய்யிறது? பெத்த கடன். இஞ்ச முன்பின் தெரியாத ஆக்களின்ர வளவுக்குள்ள போய் நாய்க்குச் சோறு வைச்சால் பொலிசைக் கூப்பிடுவினம். மனுரேவாப் பூங்காவுக்கு ஆக்கள் நாயோட வாறவையாமே? அங்க போய்ப் பாப்பம்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். இங்கே பழமும் பாலும் ஒன்றாக லோஜனாவின் வாயில் விழுந்தன. ஓடிப்போய்ப் பிரசாத்துக்குப் போன் செய்தாள்.

“சனிக்கிழமை காலமை குளத்தடிக்குக் கருப்பட்டியோட வாரும். என்னைத் தெரியாத மாதிரி நில்லும். சரியோ?”

“நான் நின்னுருவேன் லோஜி. கருப்பட்டி நிக்குமா?”

அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

திட்டம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்று, முதலில் வேறொரு கறுப்பு நாயிடம் அம்மாவைக் கூட்டிப்போனாள் லோஜனா. சுருள் சுருளாக மயிர் வளர்ந்த ஒரு குட்டி நாய். சொந்தக்கார வெள்ளைக்காரி டப்பாவை எட்டிப் பார்த்து, தயிரா, இவளுக்குப் பால் சாமான் ஒத்துக்கொள்ளாதே என்று மிகவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். “நாய்க்கும் இஞ்ச பத்தியமோ?” என்று மரகதம் வியந்துகொண்டு நடக்கும்போதுதான் மக்னோலியாத் திருப்பத்தில் கருப்பட்டி அவர்களைக் கண்டுவிட்டது.

“பிள்ளை! அது உன்னைக் கடிக்குது!” பெஞ்சின் மேலிருந்து மரகதம் கத்தினாள்.

“கடிக்கேல்ல அம்மா. நக்குது.”

“தெரியாத ஆளை ஏன் நக்குது?”

“லாப்ரடோர் நாயெல்லாம் இப்பிடித்தான் அம்மா. ஆக்களைக் கண்டால் விடாது.”

“நானும் ஒரு ஆள்தானே? என்னைத் திரும்பியும் பாக்கேல்லயே!”

பிரசாத் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சொன்னான்: “நீங்க பெஞ்சு மேல நிக்கறீங்கல்லங்க ஆன்ட்டி. அதுக்கு எட்டாதுங்க.”

மரகதம் குனிந்து பார்த்தாள். “தமிழோ தம்பி?”

“ஆமாங்க. பொள்ளாச்சி.”

“அப்ப கேக்கிறன், குறை நினையாதையும். உம்மட நாய்க்குக் கொஞ்சம் தயிர்ச்சோறு குடுக்கலாமோ? வெங்காயம், உள்ளி ஒண்டும் போடேல்ல.”

கேட்டுத்தான் என்ன? புல்லில் கொட்டியிருந்ததை மோப்பம் பிடித்த கருப்பட்டி, லோஜனாவை விட்டு இறங்கி, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மொத்தத்தையும் சுத்தமாக நக்கி முடித்தது. புல் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று.

“நிலத்தில கொட்டினதைச் சாப்பிட்டால் பரிகாரத்தில சேருமோ தெரியேல்ல” என்றாள் மரகதம்.

“சேருங்க ஆன்ட்டி. வயித்துலயே சேந்துருச்சு.”

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கச் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “என்ன பேர் நாய்க்கு?”

“கருப்பட்டிங்க.”

“எங்கட ஊரில அதைப் பனங்கட்டி எண்டு சொல்லுறது. பனங்கட்டி!”

நாய் காதை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. அன்றிலிருந்து அதற்கு இரண்டு பெயர்.

திரும்பும் வழியில் லோஜனா காரை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது மரகதம் வாயைத் திறந்தாள்.

“பெடியன் மரியாதையாக் கதைக்கிறான்.”

“எந்தப் பெடியன்?”

“நாய்க்காரப் பெடியன்.”

“நான் வடிவாப் பாக்கேல்ல அம்மா” என்றாள் லோஜனா, கண்ணாடி வழியே முன்னால் நின்ற பஸ்ஸைத் தீவிரமாக ஆராய்ந்தபடி.

“ஓம், உனக்கெங்க நேரம்? நாயே உன்ர முழு முகத்தையும் மறைச்சுக்கொண்டு நிண்டது.”

அடுத்த சனிக்கிழமைக்கு லோஜனா தற்காப்போடு போனாள். பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வாசனையை மாற்ற அம்மாவின் சந்தனப் பவுடர். ஒன்றும் பலிக்கவில்லை. கோவாய் மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தொங்கிய பாதையில், ஐம்பது அடி தூரத்திலேயே கருப்பட்டி அவளைக் கண்டுகொண்டது. இந்தத் தடவை பாயவில்லை. பிரசாத் வாரம் முழுக்கப் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருந்தான். ஆனால் நேராக வந்து, அவள் காலில் இருந்த சப்பாத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

மரகதம் இம்முறை பெஞ்சின் மேல் ஏறவில்லை. பெஞ்சுக்குப் பின்னால் நின்றாள். முன்னேற்றம்தான். இந்தியக் கடையில் உறைய வைத்து விற்கிற வாழையிலையை வாங்கி, வெட்டி, வெந்நீரில் நனைத்துப் பதமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதில் சோற்றை வைத்து, ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி நாயின் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கருப்பட்டி எழுந்து உட்கார்ந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. ஆனால் சாப்பிடவில்லை.

லோஜனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கண்டதையும் விழுங்கிக்கொண்டிருந்த அந்த நாய்க்கு, தட்டில் வைத்ததை ‘சாப்பிடு’ என்று சொல்லும்வரை தொடக் கூடாது என்று பழக்கியவள் அவள்தான். அதுவும் அவள் சொன்னால்தான் தொடும்.

“ஏன் சாப்பிடேல்ல?” மரகதத்தின் முகம் வாடியது. “தம்பி, ஏதும் குறையோ? சனீஸ்வரன் ஏற்கேல்லயோ?”

“சாப்பிடு கருப்பட்டி” என்றான் பிரசாத். நாய் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணை லோஜனா மேலேயே வைத்திருந்தது. “சாப்பிடுடா தங்கம். சாப்பிடுறா!” ஊஹூம்.

“உது ஏன் உன்னையே பாக்குது?” என்றாள் மரகதம் மகளிடம்.

லோஜனா தொண்டையைக் கனைத்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னாள்: “அம்மா, நீங்கள் காலமை ஒண்டும் சாப்பிடேல்லத்தானே? பையில வடை இருக்கு. சாப்பிடுங்கோ!”

இலை பறந்தது. சோறு மறைந்தது.

“பாத்தியே, என்னைச் சாப்பிடச் சொல்ல அது சாப்பிடுது” என்றாள் மரகதம், வடையைக் கையில் எடுத்துக்கொண்டே. “மற்றவையின்ர பசியை அறிஞ்ச நாய்.”

பிரசாத் அவசரமாகக் கோவாய் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

மூன்றாவது சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஆக்லாந்து மழைக்கு வரவும் தெரியாது, போகவும் தெரியாது. வெயிலும் அதுவும் மாறி மாறி வந்து ஆளைக் கூத்தாட்டும். மூவரும் நாயுமாக ஒரு கூரையின் கீழ் ஒதுங்கினார்கள். மரகதம் பிளாஸ்க்கிலிருந்து இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தாள்.

“சமையல் ஆர்?”

“நானேதானுங்க.”

“என்ன தெரியும்?”

“ரசம், பருப்பு, முட்டைக் குழம்பு. ஒரு தடவை இடியாப்பம் செஞ்சேன். அதைக் கருப்பட்டிகூடச் சாப்பிடலீங்க.”

“இடியப்பத்துக்கு மாவை வறுக்க வேணும் தம்பி. பச்சை மாவில பிழிஞ்சிருப்பீர். அம்மா அப்பா ஊரிலயோ?”

“ஆமாங்க. அம்மா டீச்சர். பாக்யலட்சுமின்னு பேரு.”

“போனைப் போடும். ஒருக்காக் கதைப்பம்.”

லோஜனா குடித்த தேத்தண்ணி புரையேறியது. பாக்யலட்சுமி வாரம் தவறாமல் அவளோடு வீடியோவில் பேசுகிறவள். திரையில் முகம் தெரிந்ததும், “லோஜனாக் கண்ணு, சாப்டியா?” என்றுதான் ஆரம்பிப்பாள்.

“ஆன்ட்டி, அங்க இப்போ நடு ராத்திரிங்க” என்றான் பிரசாத், வெளிறிப்போய்.

“ஓமெல்லே! மறந்துபோனன்” என்றாள் மரகதம். அந்த ‘மறந்துபோனன்’ என்பதில் இருந்த இனிப்பு, யாழ்ப்பாணத்துக்குத் தினமும் நேரம் பார்த்துப் போன் செய்கிற ஒருத்தியின் வாயில் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் புரையேறிய லோஜனாவுக்கு அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

மழை வலுத்தது. நனைந்த கருப்பட்டி உடம்பை உதறிவிட்டு, இடம் தேடி, மரகதத்தின் பாதங்களின் மேலேயே சுருண்டு படுத்துக்கொண்டது. லோஜனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் அலறலுக்குக் காத்திருந்தாள்.

அலறல் வரவில்லை. மரகதம் கால்விரல்களை மெல்ல அசைத்துப் பார்த்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, “காலுக்குச் சூடாக் கிடக்கு. மூட்டு நோவுக்கு நல்லம்” என்றாள்.

அந்த ஒரு வாசகத்தில் லோஜனாவுக்குத் தைரியம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை, அம்மா மறுநாளைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தபோது அடுப்படிக்குப் போனாள்.

“அம்மா, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்.”

“சனி முடியட்டும். இப்ப கலியாணக் கதை எடுக்கக் கூடாது.”

“கலியாணக் கதை எண்டு ஆர் சொன்னது?”

“அரைமணித்தியாலமா ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டு நிக்கிறாய். கலியாணக் கதை இல்லாமல் வேறென்ன? நாளைக்குக் கடைசிச் சனி. புஷ்பவதி அக்காவுக்கும் மறுமொழி சொல்ல வேணும். போய்ப் படு.”

போனாள். படுத்தாளே ஒழிய, நாளைக்குப் பரிகாரம் முடிந்ததும் அதே பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்த பிறகுதான் கண் மூடியது. அம்மா அழுதாலும் சரி, பேசாமல் விட்டாலும் சரி. பொய்யை இதற்கு மேல் இழுக்க முடியாது.

கடைசிச் சனிக்கிழமை பளிச்சென்று விடிந்தது. பூங்கா முழுக்க ஆட்கள். பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்து ஓடுகிறவர்கள், புல்லில் துணி விரித்துக் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள், பந்துக்கு ஆசைப்படும் நாய்கள், பந்தையே பொருட்படுத்தாத நாய்கள். குளக்கரையில் இரண்டு புகெக்கோப் பறவைகள் நீலப் பட்டும் சிவப்பு மூக்குமாக, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்திகள் போல மிடுக்காக நடந்துகொண்டிருந்தன.

மரகதம் இலையைப் போட்டாள். இன்றைக்குக் குச்சி இல்லை. குனிந்து தன் கையாலேயே சோற்றை வைத்தாள். லோஜனா வாயைத் திறப்பதற்குள்—

“மரகதம்! ஏய் மரகதம்!”

குளத்துக்கு அக்கரையிலிருந்து வந்தாலும் அந்தக் குரல் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. கோயில் மண்டபத்தில் ஒலிபெருக்கி பழுதானால் அதற்குப் பதிலாக நிறுத்துகிற குரல். பச்சைச் சேலையும் வெள்ளை ஓட்டச் சப்பாத்துமாகப் புஷ்பவதி பாலத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தாள்.

“வீட்ட போனன். பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள், நீ சனிக்குச் சனி இஞ்ச வாறனி எண்டு. தம்பி விடியக் காலமையே போன் எடுத்துப்போட்டான். இண்டைக்கு மறுமொழி வாங்காமல் நான் வீட்ட போகமாட்டன்!”

அந்தக் குரலுக்குக் கருப்பட்டி மிரண்டது. மிரண்டால் அது ஓடுகிற இடம் ஒன்றுதான். ஒரே தாவலில் லோஜனாவின் மேல் ஏறி, தலையை அவள் கக்கத்துக்குள் நுழைத்துக்கொண்டு முனகியது. பழக்கதோஷத்தில் லோஜனாவின் கை அதன் காதுக்குப் பின்னால் போனது. “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லையடா” என்று வாய் தானாகச் சொல்லிற்று.

புஷ்பவதி நின்றாள். நாயைப் பார்த்தாள். லோஜனாவைப் பார்த்தாள். கயிற்றின் மறுமுனையில் நின்ற பிரசாத்தைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

“இந்த நாய்க்கு உன்ர மகளை நல்லாத் தெரியும் போல கிடக்கே மரகதம்.”

பிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லோஜனா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். இது தான் சொல்ல வேண்டியது.

“அன்ரி, இந்த நாய்…”

“எங்கட நாய், அக்கா” என்றாள் மரகதம்.

லோஜனா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மரகதம் கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை நிதானமாக உதறிக்கொண்டிருந்தாள்.

“உங்கட நாயோ!” புஷ்பவதி நெஞ்சில் கையை வைத்தாள். “சுவாமியறை இருக்கிற வீட்டில நாயோ?”

“வைரவர் நாயோடதானே அக்கா கோயிலுக்குள்ளயே நிக்கிறார்? அவரை ஆர் வெளியில விட்டது?”

“அது… அது கல்லு நாய்.”

“இது கொஞ்சம் நக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

புஷ்பவதி நாயை விட்டுவிட்டு ஆளிடம் தாவினாள். “சரி, இவர் ஆர்?” என்று பிரசாத்தை நோக்கித் தாடையை நீட்டினாள்.

“பிரசாத். நாய் இவரோடதான் நிக்கிறது. நல்ல பிள்ளை.” மரகதம் ஒரு மூச்சு விட்டுக்கொண்டாள். “நல்ல காலம் நீங்களே வந்தியள். ஒண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். உங்கட தம்பியின்ர மகனுக்கு நாய் எண்டால் ஒத்துவராதெண்டு ஒருக்காச் சொன்னனீங்களெல்லே?”

“ஓம். மயிர் பட்டால் காணும். தும்மத் தொடங்கினால் மூண்டு நாளைக்கு நிக்காது. கண்ணெல்லாம் வீங்கிப்போம்.”

“ஐயோ பாவம்!” மரகதத்தின் குரலில் உண்மையான இரக்கம் சொட்டியது. “அந்தப் பிள்ளையைக் கட்டிவைச்சு ஆயுள் முழுக்கத் தும்ம வைக்கிறதோ? பெரிய பாவமக்கா. நாயையும் விடேலாது. என்ர கையால சோறு வைச்ச நாய். சனீஸ்வரன் கோவிச்சுக்கொண்டால் ஆர் பதில் சொல்லுறது?”

“இப்ப நான் தம்பிக்கு என்னெண்டு சொல்ல?”

“நாய் எண்டே சொல்லுங்கோ. எங்களிலயும் பிழையில்லை, உங்களிலயும் பிழையில்லை. எல்லாம் நாய்.”

புஷ்பவதி யோசித்தாள். தம்பி வீட்டில் முகம் கோணாமல் சொல்லக்கூடிய காரணம்தான். பெண் வீட்டார் மாட்டேன் என்றார்கள் என்பதைவிட, மாப்பிள்ளையின் மூக்கு மாட்டேன் என்றது என்பது எவ்வளவோ மேல். “அதுவும் சரிதான்” என்றாள் மெல்ல. மரகதம் கொடுத்த வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கருப்பட்டியைச் சுற்றி அகலமாக ஒரு வட்டமடித்து, வந்த பாலத்தின் வழியே போனாள். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்து, “நாயைக் கோயிலுக்கு மட்டும் கொண்டு வந்திடாதையுங்கோ!” என்று அவள் கத்தியது அக்கரையில் ஓடிக்கொண்டிருந்தவர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

மூவரும் அசையாமல் நின்றார்கள். கருப்பட்டி மட்டும் லோஜனாவின் தோளிலிருந்து இறங்கி, இலையின் முன்னால் போய் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தது.

“சொல்லன் பிள்ளை” என்றாள் மரகதம். “நீ சொன்னால்தானே சாப்பிடும்.”

லோஜனாவின் காது சிவந்தது. “சாப்பிடு” என்றாள். குரல் பாதிதான் வந்தது. கருப்பட்டிக்கு அது போதுமாயிருந்தது.

“தம்பி,” மரகதம் பிரசாத்திடம் திரும்பினாள், “அது சாப்பிட்டு முடியத் தண்ணி காட்டிக்கொண்டு வாரும். மத்தியானம் எங்கட வீட்டதான் சாப்பாடு. இடியப்பம். மாவு வறுத்தது.”

“சரிங்க ஆன்ட்டி” என்ற பிரசாத், தண்ணீர்க் குழாய் இருந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் நாயோடு நடந்தான். கொஞ்ச தூரம் போய்த்தான் அவனுக்கே அது உறைத்தது.

மரகதம் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். லோஜனா உட்கார்ந்தாள். சொல்ல வேண்டும் என்று இரவு முழுக்கக் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன.

“ஏன் அம்மா புஷ்பவதி அன்ரிக்குப் பொய் சொன்னனீங்கள்?”

“எது பொய்?”

“எங்கட நாய் எண்டது.”

“இண்டைக்குப் பொய்தான். அதை உண்மையாக்கிறது உன்ர வேலை. பாக்யலட்சுமி ரீச்சர் நித்திரையால எழும்பின பிறகு போன் எடுத்துத் தா, நான் கதைக்கிறன். ஆனா ஒண்டு, சுவாமியறை வாசலுக்கு அங்கால அது கால் வைக்கக் கூடாது. அதையும் நீயே பழக்கு.”

லோஜனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தயிர் மணத்தது. எதிரே குளக்கரையில், கருப்பட்டி தண்ணீரைக் குடிப்பதற்குப் பதிலாக அதில் இறங்கிவிட்டது. பிரசாத் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். புகெக்கோச் சம்பந்திகள் இரண்டும் வெகுவாக அதிருப்திப்பட்டு விலகி நின்றன.

“அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. எங்களை எப்ப கண்டுபிடிச்சனீங்கள்? முதல் நாள் அது என்னில பாஞ்சு நக்கேக்கையோ?”

மரகதம் டப்பாவை மூடி, பையில் வைத்தாள். மகளின் தோளில் ஒட்டியிருந்த ஒரு கறுப்பு மயிரை, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜிம் உடுப்பில் எடுத்துப் பழகியவள் போல, இரண்டு விரலால் எடுத்துக் காற்றில் விட்டாள்.

“சாத்திரியார் சோறு வைக்கச் சொன்னது காகத்துக்குத்தான் பிள்ளை, கறுப்பு நாய் எண்டது நான்.”